முட்டைக்கு முட்டை வித்தியாசம் உண்டா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. அதற்கு நான்தான் காரணம். போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "பிரித்தறிய முடியாதது என்பதற்குக் கிரேக்கர்களிடம் தனியாக ஒரு சொல் இருந்தது, அதை வைத்து இருநூறு வருடம் சண்டை பிடித்தார்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அது என்ன சொல் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு வாசகர் கோபமாகவே எழுதியிருக்கிறார். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

அது என்ன சொல், சேர்? என் மகள் உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்திருக்கிறாள். அவளிடம் கேட்டால் "எங்க நோட்ஸ்ல இல்ல" என்கிறாள்.
(ஒரு தாய், பொகவந்தலாவை)

அப்பராலக்தொஸ். நம் எழுத்தில் இவ்வளவுதான் கொண்டுவர முடிகிறது. வாசித்தவுடன் தேவாரம் பாடிய அப்பர் ஞாபகம் வந்தால் அது என் குற்றமில்லை, அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பிய்த்துப் பார்த்தால் எளிய சொல்தான். முதலில் இருக்கும் 'அ', நீதி அநீதி என்கிறோமே, அந்த 'அ'. சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே குடும்பம் என்பதால் 'இல்லை' என்று சொல்லும் இந்த ஓரெழுத்து இரண்டிலும் இருக்கிறது. அடுத்து 'பரா', பக்கத்தில், ஒட்டி என்று அர்த்தம். கடைசியில் 'மாற்று' என்கிற வினை, அதற்கும் அடியில் 'அல்லொஸ்', அதாவது 'வேறு' என்கிற சொல். எல்லாம் சேர்ந்து, இம்மியும் விலகாதது, மாறாதது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துச் சொல்லும்போது, இதற்கும் அதற்கும் வித்தியாசம் பிடிக்கவே முடியாது என்று ஆகிவிடும்.

இதே வேரிலிருந்து வந்த ஒன்று உங்கள் மகளின் விஞ்ஞானப் பாடத்தில் நிச்சயம் இருந்திருக்கும், பரலக்ஸ். முள்ளுத் தராசை நேரே நின்று பார்த்தால் ஒரு நிறை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னொரு நிறை தெரியுமே, அதுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் அம்மா எப்போதும் தராசுக்கு நேரே போய் நிற்பார். நிறுப்பவர் சற்றுத் தள்ளி நின்று அரைக் கிலோ குறைத்துச் சொல்வார், அம்மா கூட்டிச் சொல்வார், இருவரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பத்தாம் வகுப்பில்தான் தெரிந்தது. (அவர் ஏன் எப்போதும் அந்தப் பக்கமாகவே நின்றார் என்பது வேறு கேள்வி.)

இனி சண்டைக்கு வருவோம். கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டுவாக்கில் ஏதென்ஸில் சைப்பிரஸ்காரர் ஒருவர், ஸீனோ, ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்டோவா, அதனால் அவருடைய ஆட்களுக்கு ஸ்டோயிக்குகள் என்று பெயர். உலகத்துப் பொருட்கள் நம் மனதில் மெழுகில் முத்திரை குத்துவது போலப் பதிகின்றன என்றார் அவர். அவற்றில் சில பதிவுகள் அவ்வளவு துல்லியம், அந்தப் பொருளைத் தவிர வேறெதுவும் அப்படிப் பதிய வழியே இல்லை; அறிவாளி அவற்றுக்கு மட்டும் தலையாட்டுவான், ஆகவே ஏமாறமாட்டான். நாம் "அச்சு அசலா அப்பனைக் கொண்டிருக்கான்" என்கிறோமே, அந்த 'அச்சு'தான் ஸீனோவின் முத்திரையும். ஆனால் நாம் அச்சு அசல் என்று சொல்வது ஆள் மாறிப்போகிற அளவுக்கு ஒப்பு இருக்கும்போது. அவரோ ஆள் மாறாது என்பதற்கு அச்சைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில்தான் எதிர்க்கடைக்காரர் ஆர்கெசிலாஸ் பிடித்தார். பிளாட்டோ தொடங்கிய அக்கடமியின் அன்றைய தலைவர் அவர். "நீங்கள் மெய் என்று சொல்லும் எந்தப் பதிவை வேண்டுமானாலும் எடுங்கள். அதைப் போலவே, அதற்கு அப்பராலக்தொஸாக, ஒரு பொய்ப் பதிவு வர முடியும். அப்புறம் எதை வைத்துத் தலையாட்டுவீர்கள்?" என்பது அவர் கட்சி. அவருக்குப் பின்னால் வந்த கார்னியாதெஸும் அதே கட்சிதான். உரோமப் பேச்சாளர் சிசரோ கி.மு. 45இல் இந்த வழக்கை இலத்தீனில் எழுதிவைக்கும்போதும் அது முடிந்திருக்கவில்லை.

சிசரோவிடம் ஒரு கதை இருக்கிறது. 'முட்டைக்கு முட்டை ஒப்பு' என்பது அங்கே பழமொழி. ஆனால் டெலோஸ் தீவில் கோழி வளர்த்துப் பிழைத்தவர்கள் பலர் இருந்தார்களாம், முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தே இது எந்தக் கோழி இட்டது என்று சொல்லிவிடுவார்களாம். ஸ்டோயிக் பக்கம் பேசுகிறவருக்கு இது நல்ல சாட்சி: வித்தியாசம் இருக்கிறது, உன் கண்ணுக்குத்தான் பழக்கமில்லை. மறுபக்கத்துக்காரர்கள் இதற்கு அசையவில்லை. கொழும்பில் தேயிலை ருசி பார்க்கிறவரும் அப்படித்தானே, ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு இது ஊவா, இது டிம்புள்ள என்கிறார், எனக்கு எல்லாம் தேத்தண்ணி. வித்தியாசம் கோப்பையில் இருக்கிறதா, அவர் நாக்கில் இருக்கிறதா?

பின்னாளில் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்கிற வைத்தியர் இதே வாதத்தை எழுதியபோது, முட்டையோடு ஒரு பாம்பையும் சேர்த்தார். ஒரு பொந்துக்குள் பல பாம்புகள் சுருண்டு கிடக்கின்றன. ஒன்று தலையை நீட்டுகிறது, உள்ளே போகிறது. மறுபடி ஒரு தலை வருகிறது. அதுவா, வேறா? முட்டையைவிட எனக்குப் பிடித்தது இதுதான். முட்டை இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கலாம். பாம்பில் அந்த வசதி இல்லை, முதலில் வந்த தலை இப்போது உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மலையில் புற்றுப் பக்கத்துச் செடியில் கொழுந்தெடுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நானும் தங்கச்சியும் ரெட்டைப் பிள்ளைகள். அம்மாவைத் தவிர ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. ரெட்டைப் பிள்ளைகளைப் பற்றி அந்தக் கிரேக்கர்கள் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?
(ஒரு அக்கா, டிக்கோயா)

நிறையவே. முட்டைக்கு அடுத்தபடி அவர்களுக்குப் பிடித்த உதாரணம் நீங்கள்தான். அதிலும் ஒரு கதை ஸ்டோயிக்குகளின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. தியோசினீஸ் லயர்த்தியுஸ் என்பவர் எழுதிய தத்துவவாதிகள் வரலாற்றில் இருக்கிறது. ஸீனோவின் மாணவர் அரிஸ்தோன், அறிவாளி வெறும் அபிப்பிராயத்தை நம்பமாட்டான், தெரிந்ததை மட்டுமே ஏற்பான் என்பதில் பிடிவாதமானவர். இன்னொரு மாணவர் பெர்சையுஸ் அவரை மடக்க நினைத்தார். ரெட்டைப் பிள்ளைகளில் ஒருவனை அனுப்பி அரிஸ்தோனிடம் பணத்தைக் கொடுத்து வைக்கச் சொன்னார். பிறகு மற்றவனை அனுப்பி வாங்கிவரச் சொன்னார். அரிஸ்தோன் திண்டாடிப்போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்லொழுக்கத்துக்கும் தீயொழுக்கத்துக்கும் இடையிலுள்ள பணம், சுகம், புகழ் எல்லாம் 'அதியாபொரா', எதுவாய் இருந்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று போதித்தவரும் இதே அரிஸ்தோன்தான். அந்தச் சொல்லைக் கீழே இன்னொரு கடிதத்தில் பார்ப்போம்.

உங்கள் அம்மாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சிசரோவின் நூலில் லுக்குல்லுஸ் என்கிற பாத்திரம் சொல்வது: தாய்மார் ரெட்டைப் பிள்ளைகளைக் கண்ணின் பழக்கத்தால் பிரித்தறிகிறார்கள், நீயும் பழகினால் பிரித்தறிவாய். கண்ணின் பழக்கம் என்றே போட்டிருக்கிறார். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அநேகமாக "தெரியும்" என்பார். ஸீனோ இருந்தால் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பார். ஆர்கெசிலாஸ், உங்கள் இருவருக்கும் ஒரே நிறச் சட்டையைப் போட்டு, ராத்திரி லயத்து, அதாவது தோட்ட வீட்டு வரிசையின், கோடியில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, அம்மாவைக் கூப்பிடச் சொல்வார்.

எங்கள் தோட்டத்தில் வி.பி. மலை இருக்கிறது. ஒரே தாய்ச்செடியில் வெட்டிய துண்டுகளில் வளர்ந்தது என்கிறார்கள். அப்படியானால் எல்லாச் செடியும் ஒன்றுதானே? நீங்கள் சொல்லும் சொல் இதற்குப் பொருந்துமா?
(தேயிலை நாற்றுத் தவறணையில் வேலை செய்பவர், தலவாக்கலை)

கேள்வி கேட்க உங்களைவிடத் தகுதியானவர் கிடையாது. தேயிலை ஆராய்ச்சி நிலையமும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

தெரியாத வாசகர்களுக்காக: பழைய மலைகளில் இருப்பது விதைத் தேயிலை, செடிக்குச் செடி மாறும், ஒன்று அகன்ற இலை, ஒன்று குறுகிய இலை, ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று சோம்பேறி. வி.பி. அப்படியல்ல. நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, ஓர் இலையும் சிறு தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் வேர்விட வைத்து நடுவது. டீ.ஆர்.ஐ. 2025 என்று நம்பரில் சொல்வார்களே, அந்த வகையெல்லாம் இப்படிப் பெருகியவை. மரபணுப்படி அந்த மலை முழுக்க ஒரே செடிதான், ஆயிரக்கணக்கான இடத்தில் நிற்கிறது.

அதனால் செடிகள் அப்பராலக்தொஸ் ஆகிவிடுமா என்றால், ஆகாது என்று நீங்களே நாளைக்குப் போய்ப் பார்க்கலாம். ஓடைப் பக்கத்துச் செடிக்கு ஒரு பச்சை, பாறை மேட்டுச் செடிக்கு ஒரு பச்சை. ஸ்டோயிக்குகள் இதில் அசையவே மாட்டார்கள்: ஒரு மயிரைப் போல இன்னொரு மயிர் கிடையாது, ஒரு தானியத்தைப் போல இன்னொரு தானியம் கிடையாது என்பார்கள். உரோமத்து ஸ்டோயிக் செனெக்கா தன் கடிதமொன்றில் இலையையே சொல்கிறார், எத்தனை இலை இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டாம்.

இந்த இலை விஷயம் பல நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் மறுபடி முளைத்தது. லைப்னிட்ஸ் என்கிற தத்துவவாதி 1716இல் கிளார்க் என்கிற ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதமொன்றில் சொல்கிறார். ஹெரன்ஹவுசன் அரண்மனைத் தோட்டத்தில் சோஃபியா இளவரசி முன்னிலையில் பேச்சு நடக்கிறது. ஒரு கனவான், அச்சொட்டாக ஒரே மாதிரி இரண்டு இலை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்கிறார். எங்கே, கண்டுபிடியும் பார்ப்போம் என்கிறாள் இளவரசி. மனிதர் தோட்டம் முழுக்க ஓடியோடித் தேடி, வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு பொருட்கள் எல்லாத் தன்மையிலும் ஒன்றாக இருந்தால் அவை இரண்டே அல்ல, ஒன்றுதான் என்பது லைப்னிட்ஸின் கொள்கை.

அந்தக் கனவானை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு நாள் பேருக்குக் கொழுந்தெடுத்திருந்தால் அந்தப் பந்தயத்தையே கட்டியிருக்கமாட்டார். இரண்டு இலை ஒரு மொட்டு என்று ஆயிரம் தடவை கிள்ளுகிற விரல், பார்க்காமலேயே முற்றலையும் இளசையும் பிரிக்கிறது. டெலோஸ் கோழிக்காரர்கள் இங்கே வந்திருந்தால் நம் ஆட்களோடு நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார்கள்.

யாக்கோபு நிருபத்தில் 'பட்சபாதமில்லாத' என்று வரும் இடத்தில் மூலத்தில் இருப்பதும் 'பிரித்தறிய முடியாத' என்ற சொல்தான் என்று எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர் சொன்னார். நம்பலாமா?
(நுவரெலியா வாசகர்)

நம்பலாம், ஆனால் அது நான் மேலே சொன்ன சொல் இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. யாக்கோபு 3:17இல் இருப்பது 'அதியாக்ரித்தொஸ்'. 'க்ரினோ' என்றால் பிரித்துத் தீர்ப்பது. மருத்துவமனையில் சொல்கிற கிரைசிஸ், பத்திரிகையில் வருகிற கிரிட்டிக் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஆகவே அதியாக்ரித்தொஸ் என்றால் பிரிக்கப்படாதது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்தது. அதே சொல் ஒரு மனிதனின் குணத்தைச் சொல்ல வரும்போது, ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்காதது, பாரபட்சம் இல்லாதது என்று திரும்புகிறது. தமிழில் பெயர்த்தவர்கள் 'பட்சபாதமில்லாததாயும்' என்று போட்டது அதனால்தான், நல்ல மொழிபெயர்ப்பு.

இன்றைக்கு நீங்கள் ஏதென்ஸுக்குப் போய் ஒருவரை அந்தச் சொல்லால் அழைத்தால் அடி விழலாம். இப்போதைய கிரேக்கத்தில் அதற்கு இங்கிதம் தெரியாதவன், அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவன் என்று அர்த்தம். எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்று பிரிக்கத் தெரியாதவன், அவ்வளவுதான் தொடர்பு.

உங்கள் நிருபத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. யாக்கோபு 1:17, "அவரிடத்தில் யாதொரு மாறுதலும் யாதொரு வேற்றுமையின் நிழலுமில்லை." அந்த 'மாறுதல்' மூலத்தில் 'பரலகே', நம் அப்பராலக்தொஸின் வேர். திருச்சபைக்குள் அந்தச் சொல் அதோடு நிற்கவுமில்லை. 325இல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடியபோது, மகன் தந்தையை எல்லாவற்றிலும் ஒத்தவர், அப்பராலக்தொஸ் என்று எழுதத்தான் முதலில் பார்த்தார்களாம். மகன் தந்தைக்குச் சமமல்ல என்ற எதிர்த்தரப்பு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்து, 'ஒத்தவர்' என்பதை மனிதர்களான நமக்குங்கூடச் சொல்லலாமே என்று ஏற்கத் தயாரானதைக் கண்டு, இது போதாது என்று 'ஒரே சாரம்' என்ற சொல்லுக்குப் போனார்கள் என்று பின்னாளில் ஆயரான அத்தனாசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். விட்ட சொல் 341இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்களின் விசுவாசப் பிரமாணத்தில் திரும்பி வந்தது, மகன் தந்தையின் 'அப்பராலக்தொஸ் சாயல்' என்று. எவ்வளவு ஒத்திருந்தாலும் ஒத்திருப்பது இரண்டுதானே, ஒன்றாகிவிடுமா என்பது அங்கேயும் பிரச்சினை.

மூன்றாவது உறவுக்காரர் 'அதியாபொரொஸ்'. இதையும் 'வித்தியாசமில்லாத' என்றுதான் பெயர்க்க வேண்டும், ஆனால் போகிற திசை வேறு. அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வரை வந்துபோன பிர்ரோ என்பவர், பொருட்கள் தம்மளவிலேயே அதியாபொரா, ஒன்றுக்கொன்று வேறுபடுத்த இயலாதவை என்றார். ஸ்டோயிக்குகள் கையில் அதே சொல் 'இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்' என்று ஆயிற்று. வித்தியாசம் தெரியாதது, வித்தியாசம் பண்ணாதது, இரண்டும் கிரேக்கனுக்கு ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. "எதுவானா என்ன" என்று நாம் கையை விரிப்போமே, அதுதான்.

படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' ஒரு கட்டம், 'இந்தியத் தமிழர்' ஒரு கட்டம். என்னைப் பார்த்து எதில் புள்ளடி போடுவது என்று உங்கள் கிரேக்கர்கள் சொல்வார்களா?
(மஸ்கெலியா வாசகர்)

முகத்தைப் பார்த்து ஒருவராலும் முடியாது. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் அந்த இரண்டும் தனித்தனியாக எண்ணப்பட்டன. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அந்தக் காகித வித்தியாசம் நம் தாத்தா பாட்டிகளின் வோட்டையும் நாட்டையும் எடுத்துக்கொண்டது. முகம் அப்பராலக்தொஸ், காகிதம் அப்படியில்லை. இதற்கு மேல் எழுதினால் கேள்வி பதில் பகுதி தாங்காது.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லையா? 'பிரித்தறிய முடியாத' என்று இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறதே.
(ஓய்வுபெற்ற தபாலதிபர், பதுளை)

கிட்டத்தட்ட ஒன்று இருந்தது, நாம்தான் அதை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம். கயவர்களைப் பற்றி வள்ளுவர் சொல்வதைப் பாருங்கள்:

மக்களே போல்வர் கயவர் அவரன்ன
ஒப்பாரி யாங்கண்டது இல்.

கயவர்கள் பார்க்க மனிதர்களைப் போலவே இருக்கிறார்கள், இப்படியொரு ஒப்பை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். ஒப்பாரி என்றால் அங்கே ஒப்பு, அவ்வளவுதான், அழுகை கிடையாது. இன்றைக்கு லயத்தில் ஒப்பாரி என்றால் எல்லோரும் எழுந்து எந்த வீடு என்று கேட்பார்கள். செத்தவரைப் பொன்னுக்கும் தேருக்கும் ஒப்புச் சொல்லிச் சொல்லி அழுததில் சொல் அழுகைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒப்பு வைத்து அழும் ஆச்சிகள் இருக்கிற வரைக்கும் அந்தப் பழைய அர்த்தமும் பாதி உயிரோடு இருக்கிறது என்றே சொல்வேன். ஆனாலும், கண்ணால் பிரிக்க முடியாத பயங்கரத்தைச் சொல்ல அந்தக் குறளை மிஞ்சியது ஆர்கெசிலாஸிடமும் கிடையாது. அவருக்கு முட்டை மாறினால் நஷ்டம் ஒரு முட்டை.

சொல்லைவிடப் பெரிய காரியம் ஒன்றைத் தமிழ் செய்துவைத்திருக்கிறது. பிரித்தறிய முடியாதபோது எப்படிப் பேசுவது என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. "பால்மயக் குற்ற ஐயக் கிளவி தானறி பொருள்வயின் பன்மை கூறல்" என்று கிளவியாக்கத்தில் ஒரு சூத்திரம். தூரத்தில் ஒருவர் வருகிறார், ஆள் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அப்போது வருகிறான் என்றும் சொல்லாதே, வருகிறாள் என்றும் சொல்லாதே, பன்மையில் சொல். ஆண்மகன்கொல்லோ பெண்டாட்டிகொல்லோ இஃதோ தோன்றுவார் என்பது உரையாசிரியர்கள் தரும் உதாரணம். மனிதனா கட்டையா என்றே தெரியாவிட்டால்? அதற்கு அடுத்த சூத்திரம், 'உரு' என்று சொல்: குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றும் உரு.

நானுஓயாப் பக்கம் விடிகாலையில் பனிமூட்டத்துக்குள் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் இதைத் தினமும் செய்கிறோம். எதிரே ஏதோ அசைந்தால் "என்னமோ தெரியுது" என்போம். கொஞ்சம் கிட்ட வந்தால் "யாரோ வர்றாங்க." இன்னும் கிட்ட வந்தால் "அட, நம்ம மேட்டு லயத்து மாமா." ஸீனோ கேட்டதும் இவ்வளவுதான்: தெரிந்த அளவுக்குத் தலையாட்டு, அதற்கு மேல் ஆட்டாதே. அவர் அதை ஒழுக்கமாகப் படிக்கச் சொன்னார், நமக்கு அது வினைமுற்றிலேயே இருக்கிறது.

கடைத் தேத்தூளில் கலப்படம் என்கிறார்கள். அசல் எது, கலப்படம் எது என்று பார்த்துச் சொல்ல வழி உண்டா? இதற்கும் உங்கள் கிரேக்கர்களிடம் கதை இருக்குமே!
(பண்டாரவளை வாசகி)

கிண்டல் புரிகிறது. கதை இருக்கிறது. ஸ்ஃபையிருஸ் என்கிற ஸ்டோயிக் எகிப்தில் தொலமி ஃபிலோபாத்தோர் மன்னனின் அரண்மனையில் இருந்தார். அறிவாளி ஏமாறமாட்டான் என்று இவர் சொல்ல, மன்னன் மெழுகில் செய்த மாதுளம்பழங்களைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னான். இவரும் ஏமாந்துவிட்டார். "பொய்யை நம்பிவிட்டீரே!" என்று மன்னன் கத்த, ஸ்ஃபையிருஸ் அசராமல், "இவை மாதுளம்பழம் என்று நான் ஒப்பவில்லை, மாதுளம்பழமாக இருப்பது நியாயம் என்றுதான் ஒப்பினேன்" என்றாராம். வக்கீலாகப் போயிருக்க வேண்டிய மனிதர்.

தேத்தூளுக்கு வருவோம். பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் நிறம் விடும். போட்டவுடன் சாயம் குபுகுபுவென்று இறங்கினால் சந்தேகப்படுங்கள். அப்படி இறங்காவிட்டால் "அசலாக இருப்பது நியாயம்" என்று மட்டும் ஒப்புங்கள், அதற்கு மேல் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

போன இதழில் நான் கேட்ட கேள்விக்கு வேறொருவர் பெயரில் பதில் போட்டிருக்கிறீர்கள். பரிசுப் புத்தகமும் அவருக்கே போய்விட்டது. அவரும் எங்கள் தோட்டம்தான், பெயரும் தலைப்பெழுத்தும் என்னுடையதேதான், ஆனால் அவர் நான் இல்லை!
(கொட்டகலை வாசகர்)

தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன, ஒரே நிற மை, கையெழுத்தும் ஏறக்குறைய ஒன்று, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் படித்தீர்களோ என்னவோ. அரிஸ்தோனாவது திண்டாடினார், நான் புத்தகத்தைக் கொடுத்தே விட்டேன். அவரிடம் திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை, உங்களுக்கு வேறு பிரதி இந்த வாரம் தபாலில் வருகிறது. இனி எழுதும்போது மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும் லய நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். அவரிடமும் சொல்லிவிடுங்கள்.